முதுகைக் கொடுப்பதா, மல்லாந்து படுப்பதா: ஜூடோவையும் ஜியு-ஜிட்சுவையும் சேர்த்துக் கற்பது பற்றி

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு தொடங்கி ஐந்து ஆண்டுகளாக ஜூடோ பயின்று வருகிறேன். இப்போது பச்சைப் பட்டை. வேலைக்காகச் சென்னைக்கு வந்த பிறகும் பயிற்சியை விடவில்லை. ஏழு மாதங்களுக்கு முன், நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து நடந்து போகும் தொலைவில் பெரும்பாலும் தரையில் மல்லுக்கட்டும் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சு கற்பிக்கும் கூடம் ஒன்று இருப்பது தெரிந்து அங்கும் சேர்ந்தேன். திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் ஜூடோவும், செவ்வாய், சனிக்கிழமைகளில் ஜியு-ஜிட்சுவும் என்று இப்போது வாரம் ஓடுகிறது.

என் சிக்கல் இதுதான். ஜூடோவில் எதிராளியைத் தூக்கித் தரையில் போட நான் முயன்ற வீச்சு பலிக்காமல் தரைக்குப் போனால், குப்புறப் படுத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கழுத்தைக் கைகளால் மூடிக்கொண்டு, நடுவர் “மாத்தே” (நிறுத்து) என்று சொல்லும்வரை இறுகிக் கிடப்பேன். ஐந்து ஆண்டுகளில் அது யோசிக்காமலே வரும் செயலாகிவிட்டது. ஜியு-ஜிட்சுவில் அதே இருப்பில் கிடந்தால் நடுவர் வருவதில்லை, எதிராளிதான் வருகிறார். அவர் அவசரப்படாமல் என் முதுகின்மேல் ஏறி, இரண்டு பாதங்களையும் என் தொடைகளுக்கு உட்பக்கமாகக் கொக்கிபோல் மாட்டி, பிறகு ஒரு கையைத் தாடைக்கு அடியில் நுழைக்கிறார். கடந்த சனிக்கிழமை ஒரே சுற்றில் இரண்டு முறை இப்படியே தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டேன்.

இதற்கு நேர்மாறானது திங்களன்று நடந்தது. ஜூடோ பயிற்சிச் சண்டையில் எதிராளியின் மார்புப் பட்டியைப் பிடித்தபடி, வீச்சுக்கு முயலாமலேயே உட்கார்ந்து அவரை என் கால்களுக்கு நடுவே இழுத்துவிட்டேன். மாஸ்டர் கூடத்தில் இருந்த எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, “இதை எங்கே கற்றாய்?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டையும் தொடரலாமா, அல்லது ஒன்றை விட்டுவிடுவதுதான் முறையா? இரண்டிலும் தடம் பதித்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கிழக்குக்கடற்கரை எழுதியது:

உங்களுக்கு நடந்ததைக் கவனக்குறைவு என்று நான் கருதவில்லை. இந்த இரண்டு கலைகளும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதனால்தான் எந்த இடத்தில் அவை பிரிகின்றன என்பது உடம்புக்குத் தெரிவதில்லை.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் கோடோகன் என்னும் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்ற மிட்சுயோ மாயேடா 1914இல் பிரேசிலுக்குச் சென்று, பின்னர் பெலேம் நகரில் தங்கினார். அவரிடமிருந்து கார்லோஸ் கிரேசிக்கும், கிரேசி குடும்பத்தின் வழியாக அவர் தம்பி எலியோவுக்கும் போய்ச் சேர்ந்த கலையே இன்று பிரேசிலிய ஜியு-ஜிட்சு எனப்படுகிறது. 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, எலியோ கிரேசியின் கையைப் பின்புறமாக முறுக்கிப் பூட்டினார். கை முறிந்தும் எலியோ தட்டவில்லை. அவர் தரப்பினர் தோல்வியை ஏற்றுத் துண்டை எறிந்த பிறகே சண்டை நின்றது. ஜூடோவில் ‘உதே-கராமி’ என்று நாம் சொல்லும் அந்தப் பூட்டைத் தோற்ற தரப்பினர் வென்றவரின் பெயராலேயே அழைக்கத் தொடங்கினார்கள். உங்கள் ஜியு-ஜிட்சு கூடத்தில் ‘கிமுரா’ என்று நாள்தோறும் நீங்கள் கேட்பது அதைத்தான்.

வேர் ஒன்றாக இருந்தும் பழக்கங்கள் வேறாகப் போனதற்குக் காரணம் போட்டி விதிகள். ஜூடோவில் ஆட்டம் நான்கு நிமிடம். முதுகு தரையில் பட எதிராளியை விசையோடும் கட்டுப்பாட்டோடும் வீசினால் ‘இப்போன்’. அத்துடன் ஆட்டம் முடிந்தது. தரையில் 20 விநாடி அழுத்திப் பிடித்தாலும் அதே வெற்றிதான். தரையில் முன்னேற்றம் தெரியாவிட்டால் நடுவர் சில விநாடிகளில் இருவரையும் எழுப்பிவிடுவார். ஆகவே குப்புறக் கிடப்பவர் உண்மையில் நேரத்தைக் கடத்துகிறார், ஜூடோ விதிக்குள் அது புத்திசாலித்தனமான செயல். ஜியு-ஜிட்சுவில் எழுப்பிவிட யாரும் இல்லை. கீழே தள்ளுவதற்கு 2 புள்ளி, கீழே இருப்பவர் கால்களால் தடுக்கும் காவலைக் கடந்து பக்கவாட்டில் நிலைகொள்வதற்கு 3, மேலே ஏறி அமர்வதற்கு 4, முதுகைப் பிடித்துக் கால்களைக் கொக்கியிடுவதற்கும் 4. இந்தக் கணக்கை ஒருமுறை உற்றுப் பாருங்கள். உங்களை அழகாக வீசியவருக்கு 2 புள்ளிதான் கிடைக்கிறது; வீச்சில் தவறி நீங்கள் முதுகைக் கொடுத்தால் அவருக்கு 4 கிடைக்கிறது. ஜூடோவில் வளர்ந்த ஒருவருக்கு இதை மனத்தில் ஏற்றிக்கொள்ளவே ஓர் ஆண்டு ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தரைப் போர் ஜூடோவுக்கு அந்நியமானதன்று. ஜப்பானின் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இடையே நடந்த ‘கோசென்’ ஜூடோவில், நின்றபடியே இழுத்துத் தரைக்குப் போவதற்கு அனுமதி இருந்தது. பழைய ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகங்கள் ஏழும் இன்றைக்கும் அந்த விதிகளின்படியே ஆண்டுதோறும் மோதுகின்றன. திங்களன்று நீங்கள் உட்கார்ந்து இழுத்தது அங்கே குற்றமே ஆகாது.

ஒன்றை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த வீச்சு தவறும்போது முதுகைக் கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்.

பழைய ஆணிவேர் எழுதியது:

நான் 22 ஆண்டுகளாக ஜூடோ கற்பித்து வருபவன். மேலே எழுதியவரின் வரலாற்றில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, ஆனால் அவர் தரும் முடிவில் இருக்கிறது.

பச்சைப் பட்டை என்பது ஒரு வீச்சு உடம்பில் குடியேறத் தொடங்கும் பருவம். அந்தப் பருவத்தில் சேற்றில் ஒரு காலும் ஆற்றில் ஒரு காலுமாக நிற்பவர்கள் எதை இழக்கிறார்கள் என்றால், நிற்கும் நிலையை. ஜியு-ஜிட்சுவில் இடுப்பை வளைத்து, தலையை முன்னே நீட்டி, கைகளை விறைப்பாக வைத்து நிற்கலாம், யாரும் தண்டிப்பதில்லை. ஜூடோவில் அப்படி நின்றால் தற்காப்பு நிலை என்று ‘ஷிடோ’ என்னும் தண்டனை கொடுப்பார்கள், மூன்று ஷிடோ சேர்ந்தால் ஆட்டமே போய்விடும். நடுவர் கண்ணில் படுவதற்கு முன்பே, குனிந்து நிற்பவரின் கால்களுக்கு நடுவே எதிராளியின் கால் புகுந்து ‘உச்சி-மாத்தா’ என்னும் வீச்சாகத் தூக்கிவிடும் என்பது வேறு. கால்களைக் கையால் பிடித்து வாருவதைப் பன்னாட்டு ஜூடோ சம்மேளனம் 2010இல் கட்டுப்படுத்தி, 2013இல் முழுவதுமாகத் தடுத்துவிட்டது. அடுத்த கூடத்தில் அதே பிடியை வாரம் இரண்டு நாள் பழகிவிட்டு வரும் பிள்ளை, போட்டியில் நெருக்கடி வரும் கணத்தில் எதைச் செய்யும்?

என் மாணவன் ஒருவன் மாவட்டப் போட்டியில் அப்படித்தான் தோற்றான். எதிராளி வீச்சுக்குத் திரும்பியதும் அவன் கை தானாகவே காலுக்குப் போயிற்று. அவன் திறமையில் எந்தக் குறையும் இல்லை. தான் எந்த ஊரில் இருக்கிறது என்பதுதான் அந்தக் கைக்குத் தெரியவில்லை. கறுப்புப் பட்டை வரை ஒன்றையே பிடித்துக்கொண்டு போ, பிறகு எதை வேண்டுமானாலும் கற்றுக்கொள் என்பதுதான் அன்றும் இன்றும் நான் சொல்லும் வழி.

குறிஞ்சிச்சாரல் எழுதியது:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் என் பாதை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது என்பதால் அதையும் பதிவு செய்கிறேன்.

நான் ஜியு-ஜிட்சுவில் நீலப் பட்டை. முதல் மூன்று ஆண்டுகள் அதை மட்டுமே பயின்றேன். பயிற்சியில் பெரும்பாலான சுற்றுகள் மண்டியிட்ட நிலையிலிருந்தே தொடங்கியதால், நின்றபடி மோதுவது எனக்கு அரிதாகவே கிடைத்தது. விழுவதற்கு யாரும் முறையாகச் சொல்லித் தரவுமில்லை. ஒரு நாள் போட்டிக்கான ஆயத்தம் என்று நின்றபடி சுற்றுகள் வைத்தார்கள். எதிரே இருந்த பெண் என் காலைத் தட்டிவிட்டதும் நான் பின்னால் சாய்ந்து வலக்கையைத் தரையில் ஊன்றினேன். முழங்கை மூட்டு நழுவியது. பதினொரு வாரம் என்னால் குழந்தையின் தலையைப் பின்னிவிட முடியவில்லை. கற்றுத்தந்தவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

கை தேறிய பிறகு, 35ஆவது வயதில் ஜூடோவில் வெள்ளைப் பட்டையோடு போய் நின்றேன். முதல் ஒரு மாதம் விழுவதை மட்டுமே கற்பித்தார்கள். தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, பட்டையின் முடிச்சைக் கண்ணால் பார்த்தபடி சாய வேண்டும். முடிச்சு கண்ணில் படுகிறவரை பின்தலை தரையில் மோதாது. முதுகு தரையைத் தொடும் அதே நொடியில், உடலிலிருந்து சற்று விலக்கி வைத்த கையை உள்ளங்கை கீழாக விரித்து விரிப்பில் அறைய வேண்டும். அந்தக் கை ஊன்றுகோல் ஆகக் கூடாது, அறைந்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்தும், பிறகு குந்தியும், பிறகு நின்றும் நூற்றுக்கணக்கான முறை விழுந்தேன். ஒரு மாதம் கழித்து ஒருவர் என்னை முதல் முறையாக முழுமையாக வீசியபோது, எழுந்து நின்றதும் என் முதல் எண்ணம், மூன்று ஆண்டுகளுக்கு முன்பே யாராவது இதைத் தந்திருக்கலாமே என்பதுதான்.

எனவே ஒரே கலையைப் பிடித்துக்கொள் என்ற அறிவுரை, அந்தக் கலை முழுமையாகக் கற்பிக்கப்படும் கூடத்தில் இருப்பவருக்குப் பொருந்தும். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, அக்கா, மற்றும் விரிவாக எழுதிய நண்பருக்கு நன்றி. கேட்டபடி ஒரு வாரம் குறித்து வைத்தேன். சிக்கல் ஏறத்தாழ முழுவதும் ஒரே வீச்சில் இருக்கிறது. எதிராளிக்கு முதுகைத் திருப்பி, முழங்காலில் இறங்கித் தோள்வழியே போடும் ‘செயோய்-நாகே’தான் என் முதன்மை வீச்சு. அது பலிக்காவிட்டால் எதிராளி என் முதுகுக்குப் பின்னால்தான் இருப்பார். இரண்டாவது, ‘கெசா-கதாமே’ என்னும் தரைப்பிடி. தலையையும் ஒரு கையையும் அணைத்துப் பிடித்தால் ஜூடோவில் 20 விநாடியில் வெல்வேன். ஜியு-ஜிட்சுவில் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது, எதிராளி இடுப்பை நழுவவிட்டுச் சுற்றி என் பின்னால் வந்துவிடுகிறார்.

வேறொன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். நான் ஜியு-ஜிட்சு பயில்வதை என் ஜூடோ மாஸ்டரிடம் சொல்லவே இல்லை. அன்று அவர் கேட்டபோது வாயடைத்து நின்றதற்கு அதுதான் காரணம். பதினெட்டு வயதிலிருந்து மதுரையில் எனக்குக் கற்றுத்தந்தவருக்கு அவர் நெருங்கிய நண்பர். அந்த உறவின் பெயரால்தான் சென்னையில் என்னைச் சேர்த்துக்கொண்டார், கட்டணத்தைக்கூடப் பாதியாகக் குறைத்தார். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

கிழக்குக்கடற்கரை எழுதியது:

நீங்களே விடையின் பாதியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். முன்னோக்கித் திரும்பிப் போடும் வீச்சுகள் எல்லாவற்றிலும் ஒரு கணம் எதிராளிக்கு முதுகைக் காட்டியே ஆக வேண்டும். பின்னோக்கி வாரும் வீச்சுகளில் அந்தத் தொல்லை இல்லை. ‘ஓ-உச்சி-காரி’, ‘கோ-உச்சி-காரி’, ‘ஓசோட்டோ-காரி’ ஆகியவை தவறினாலும் நீங்கள் எதிராளியை முகத்துக்கு முகம் பார்த்தபடியேதான் இருப்பீர்கள். செவ்வாயும் சனியும் இந்த மூன்றை மட்டுமே போடுவது என்று ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். செயோய்-நாகேயை ஜூடோ நாட்களுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். பழைய ஆணிவேர் ஐயா அஞ்சுகிற குழப்பம், ஒரே உடம்பில் எல்லாவற்றையும் எல்லா நாளும் போடுவதால் வருவது என்பது என் அனுபவம். எந்த நாளில் எதைப் போடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டவர்களுக்கு அது மெல்ல மெல்ல அடங்கிவிடுகிறது.

கெசா-கதாமேயைக் கைவிட வேண்டாம். அதை இறுதி இடமாகக் கருதாமல் வழியிடமாகக் கொள்ளுங்கள்: எதிராளி இடுப்பை நகர்த்தும் உணர்வு வந்ததும் மார்போடு மார்பு ஒட்டிய பக்கவாட்டுப் பிடிக்கு மாறிவிடுங்கள். அந்த மாற்றம் ஜூடோவிலும் ‘யோகோ-ஷிஹோ-கதாமே’ என்ற பெயரில் இருக்கிறது, புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

இரண்டையும் ஆழக் கற்றவர்கள் உயர்நிலைப் போட்டியிலும் உண்டு. அமெரிக்காவின் டிராவிஸ் ஸ்டீவன்ஸ், ஜான் டனஹரிடம் ஜியு-ஜிட்சு கறுப்புப் பட்டை பெற்றவர்; 2016 ரியோ ஒலிம்பிக்கில் 81 கிலோ பிரிவில் ஜூடோ வெள்ளி வென்றார். 2004 ஏதென்சில் வெண்கலம் வென்ற பிரேசிலின் ஃபிளாவியோ கான்டோ, எதிராளி தரையைத் தொட்ட மறுகணமே வேலையை முடிப்பவர். நடுவர் தரும் அந்தச் சில விநாடிகளுக்குள் பூட்டோ நெரிப்போ போடத் தெரிந்தவருக்கு ஜூடோவிலேயே ஜியு-ஜிட்சு பயன் தருகிறது. குப்புறக் கிடந்து நேரம் கடத்தும் எதிராளியை எப்படித் திறப்பது என்பதை ஜூடோக் கூடங்கள் பலவற்றில் போதிய அளவு பழக்குவதில்லை என்பதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

எலும்புதசை எழுதியது:

நான் உடலியக்க மருத்துவம் பார்ப்பவள். பெரும்பாலும் விளையாட்டு வீரர்களே என்னிடம் வருகிறார்கள். நுட்பம் பற்றிய விவாதத்தில் தலையிடவில்லை. வார அட்டவணையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தம்பி, திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள் தொடர்ச்சியாக உடையைப் பிடித்து இழுக்கிறீர்கள். இந்த இரண்டு கலைகளிலும் முதலில் தேய்வது விரல்கள்தான். ஜூடோ உடையின் தடித்த துணியில் பிடியை எதிராளி உதறிப் பறிக்கும்போது விரலின் நடு மூட்டு திடீர் இழுவையைத் தாங்குகிறது. ஜியு-ஜிட்சுவில் அதே மூட்டு நெடுநேரம் மடங்கிய நிலையில் சுமையைத் தாங்குகிறது. காலையில் எழுந்ததும் முஷ்டி மடக்க முடியாமல் விரல்கள் விறைத்திருந்தால் அதை வீரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதன்கிழமையை விட்டுவிட்டு, இரண்டு ஜூடோ, இரண்டு ஜியு-ஜிட்சு என்று நான்கு நாளாக்குங்கள். கடுமையான சுற்றுகள் இரண்டு கூடங்களிலும் அடுத்தடுத்த நாளில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஜூடோவில் மூட்டுப் பூட்டு முழங்கைக்கு மட்டுமே அனுமதி. ஜியு-ஜிட்சுவில் கணுக்காலைப் பூட்டுவது வெள்ளைப் பட்டைக்கே உண்டு. மேலே போகப் போக முழங்காலுக்கும் ஆபத்தான பூட்டுகள் வரும். காலில் பூட்டு விழுந்தால் எந்தத் திசையில் உருளக் கூடாது என்பது ஜூடோவிலிருந்து வருபவருக்குத் தெரியாது. வலி வருவதற்குள் தட்டுங்கள். முழங்காலின் தசைநார் கிழிந்த பிறகு என்னிடம் வந்தவர்களில் பலர், வலி வந்ததும் தட்டலாம் என்று காத்திருந்தவர்கள்.

வீச்சுவரிசை எழுதியது:

நான் சிலம்பமும் கராத்தேயும் பயில்பவன். ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் கலைகளைச் சேர்ப்பது இதைவிட எளிது என்றே எனக்குத் தோன்றுகிறது. கம்பு கையில் இருக்கும்போது என் உடம்பு தன்னைச் சிலம்பக்காரனாகவே அறிகிறது. கம்பைக் கீழே வைத்ததும் அந்த நினைவு போய்விடுகிறது. ஒருவர் இருவரிடம் கற்பது கராத்தேயிலும் புதிதன்று. கென்வா மாபுனி தன் ஆசான்கள் இருவரின் பெயர் எழுத்துகளைச் சேர்த்தே ‘ஷிட்டோ-ரியூ’ என்று பெயரிட்டார். ஹிரோனோரி ஓட்சுகா தான் முன்பே கற்றிருந்த ஜுஜுட்சு என்னும் பழைய ஜப்பானியக் கலையைக் கராத்தேயோடு இணைத்து ‘வாடோ-ரியூ’வை உருவாக்கினார். அவர்கள் இரண்டிலும் முதலில் ஊறியவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பழைய ஆணிவேர் எழுதியது:

வைகைக்கரை தம்பிக்கு. நீங்கள் எழுதிய கடைசிப் பத்தியைப் படித்த பிறகு, நுட்பத்தைப் பற்றி நான் பிடித்த பிடிவாதம் எனக்கே சிறியதாகத் தெரிந்தது.

மாஸ்டரிடம் போய் நேரில் சொல்லுங்கள். கைபேசியில் வேண்டாம், வகுப்புக்கு நடுவிலும் வேண்டாம். விரிப்பைத் துடைக்கும் நேரத்தில், நீங்களும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு மாணவன் வேறு இடத்துக்குப் போவது அவ்வளவாக வலிப்பதில்லை. பிறர் வாயால் அதைக் கேட்பதுதான் வலிக்கும். கானோ 1930இல், அய்கிடோவைத் தோற்றுவித்த மோரிஹெய் உயேஷிபாவின் கலையைக் கண்டு வியந்து, தன் மாணவர்களையே அவரிடம் கற்க அனுப்பினார். மினோரு மோச்சிசுகி அப்படிப் போனவர்களில் ஒருவர். கோடோகனை நிறுவியவருக்கே அதில் குறை தெரியவில்லை என்றால், எனக்கும் உங்கள் மாஸ்டருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது எந்தப் போட்டியோ அந்தக் கூடத்தில் மட்டும் இருங்கள். கை காலுக்குப் போன அந்தப் பையனை நான் இன்னும் மறக்கவில்லை.

வைகைக்கரை எழுதியது:

நான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன்; தாமதத்துக்குப் பொறுத்தருள்க.

வாரம் நான்கு நாளாகக் குறைத்துவிட்டேன். காலையில் விரல்கள் இப்போது மடங்குகின்றன. ஜியு-ஜிட்சுவில் ஓ-உச்சி-காரியையும் கோ-உச்சி-காரியையும் மட்டுமே போடுகிறேன். முதல் ஆறு வாரம் எதுவும் விழவில்லை, ஆனால் முதுகும் போகவில்லை. இப்போது பத்துக்கு மூன்று நான்கு முறை மேலே இருந்து தொடங்குகிறேன். குப்புறச் சுருளும் பழக்கம் முழுவதும் போகவில்லை. களைத்த சுற்றுகளில் இன்னும் வருகிறது.

மாஸ்டரிடம் சொன்னேன். பழைய ஆணிவேர் ஐயா சொன்னபடியே விரிப்பைத் துடைக்கும்போது சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தாமல், எத்தனை மாதமாகப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். ஒன்பது என்றேன். வரிசை முடியும்வரை பேசவில்லை. பிறகு வாளியை ஓரமாக வைத்துவிட்டு, முதுகை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று காட்டச் சொன்னார். 58 வயதானவர், எனக்கு முன்னால் குப்புறப் படுத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டார். நான் தயங்கித் தயங்கி ஒரு காலை உள்ளே மாட்டினேன். மற்றக் காலை நுழைப்பதற்குள் அவர் என் குதிகாலைத் தன் இரு கால்களுக்கு நடுவே கவ்வி, தோளைத் தரையில் ஊன்றி உருண்டு என்னைக் கீழே போட்டுவிட்டு, “இன்னும் மெதுவாக, இரண்டாவது காலை எப்போது போடுகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்” என்று சொல்லி மீண்டும் குப்புறப் படுத்தார்.